ஒன்பது கையெழுத்துகளுக்கு மேலே

இண்டூர்,
14.9.1986

கஸ்பார் பெரியப்பா அவர்களுக்கு,

ராஜமேரி எழுதுவது. 'அன்புள்ள' என்று போடவில்லை. மறந்து விட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம்.

இனி நம் வீட்டில் யாரும் கஸ்பார் வீட்டுப் படியை மிதிக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். கடிதம் எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. ஆகவே எழுதுகிறேன். பதில் போடுவதாக இருந்தால் எங்கள் பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜானகியம்மாள் டீச்சர் பெயருக்குப் போடுங்கள். என் கைக்கு வந்துவிடும்.

நேற்று விசாரணை அதிகாரியிடமிருந்து அப்பாவுக்குப் பதிவுத் தபால் வந்தது. அக்டோபர் ஆறாம் தேதி விசாரணை. பயிர்க்கடன் மனு கொடுக்கக் கடைசி நாளான ஜூலை முப்பதாம் தேதி, கூட்டுறவு வங்கியைப் பூட்டிவிட்டு அதன் செயலாளர் ஸ்தனிஸ்லாஸ், அதாவது அப்பா, போய்விட்டார் என்பது முதல் குற்றச்சாட்டு. நிதி மேலாளர்கள் சங்கத்தின் கூட்டத்துக்குப் போனதாகப் பொய் சொன்னார் என்பது இரண்டாவது. "மொதலாவதுக்கு மட்டும்னா எப்படியோ தப்பிச்சுக்குவேன். ரெண்டாவதும் சேர்ந்தா வேலை போயிரும்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன்.

இரண்டாவது குற்றத்துக்கு ஆதாரம் நீங்கள் சங்கச் செயலாளராகக் கையெழுத்துப் போட்டு அதிகாரிக்கு அனுப்பிய கடிதம். "தருமபுரி வட்டார நிதி மேலாளர்கள் சங்கம் 30.7.86 அன்று கூட்டம் எதுவும் நடத்தவில்லை. ஜூலை மாதக் கூட்டம் 27ஆம் தேதி ஞாயிறன்று நடந்தது. மினிட் புத்தகத்தின் நகல் இணைத்துள்ளோம்."

தபாலோடு வந்திருந்த அந்த நகலைப் பார்த்தேன். என் கையெழுத்து. கீழே ஒன்பது பேரின் கையொப்பம். அதில் நான்காவது அப்பாவுடையது.

பெரியப்பா, அந்தப் புதன்கிழமை நீங்கள் ஒன்பது பேரும் ஒகேனக்கல்லில் இருந்தீர்கள். ஆடிப்பெருக்குக் கூட்டம் சேர்வதற்குள் போய்வர வேண்டும் என்று நாள் குறித்தவரே நீங்கள்தான். பாறைமேல் உட்கார்ந்து புதிய படிவங்களைப் பற்றி அரை மணி நேரம் பேசினீர்கள், பிறகு பரிசலில் போனீர்கள், மீன் வறுவல் தின்றீர்கள். அப்பா வாழையிலையில் கட்டிக்கொண்டு வந்த நான்கு துண்டில் இரண்டை நான் தின்றேன்.

உங்கள் சங்கத்தின் வழக்கம் எனக்குத் தெரியும். கூட்டம் முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். அதனால் எழுதாத பக்கத்தின் அடியில் எல்லோரும் முதலிலேயே கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள். பிறகு நீங்கள் குறிப்புச் சீட்டோடு புத்தகத்தை எங்கள் வீட்டுக்கு அனுப்புவீர்கள். நான் எழுத்தைப் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ, ஒன்பது கையெழுத்துகளுக்கு மேலே சரியாக வந்து முடிகிற மாதிரி எழுதுவேன். எட்டாம் வகுப்பிலிருந்து இதைச் செய்கிறேன். பெருமையாகக்கூட நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டு பத்தாம் தேதி நீங்களே புத்தகத்தைக் கொண்டுவந்தீர்கள். சீட்டில் 30 புதன் என்பதை அடித்து 27 ஞாயிறு என்று எழுதியிருந்தது. ஏன் என்று கேட்டேன். "தேதி ஒரு பேருக்குத்தானே கண்ணு, எழுது" என்றீர்கள். எழுதினேன். அதற்குள் அப்பாமீது புகார் போய்விட்டது என்பதை நீங்கள் எனக்குச் சொல்லவில்லை.

எனக்கு இரண்டு வேண்டும். அந்தக் கடிதம் தவறு என்று அதிகாரிக்கு எழுத வேண்டும். ஆறாம் தேதி சங்கத்தின் சார்பில் ஒருவர் வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார வேண்டும். சங்கத்தின் மூன்றாவது நோக்கம் அதுதான். விதிகளைச் சுத்தமாக எழுதிக் கொடுத்தவளே நான் என்பதால் எனக்கு மனப்பாடம்.

ராஜமேரி
பத்தாம் வகுப்பு

———

தருமபுரி,
18.9.1986

அன்பு மகள் ராஜமேரிக்கு,

கஸ்பார் பெரியப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு யாவரும் நலம். அம்மா லூர்தம்மாளுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது?

கடிதம் கிடைத்தது. அழகான எழுத்து. ஆனால் எழுதியிருக்கும் சங்கதி பிள்ளைகள் பேசுகிற சங்கதி இல்லை. இதெல்லாம் பெரியவர்கள் பார்த்துக்கொள்வோம். நீ காலாண்டுப் பரீட்சைக்குப் படி.

சங்கம் என்றால் உனக்கு ஒரு ரூல் பென்சிலும் புத்தகமும். எங்களுக்கு அப்படி இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கணக்கும் நிர்வாகமும் பார்க்கிறவன் ஒவ்வொருவனும் ஒரு மூலையில் தனியாகக் கிடந்தான். ஒரு புதுச் சுற்றறிக்கை வந்தால் அர்த்தம் கேட்க ஆள் கிடையாது. ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லில் முதலாளி என்னைப் பார்த்துக் கத்தினால் போய்ச் சொல்ல ஓர் இடம் கிடையாது. உன் அப்பாவும் நானும் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்க் கூப்பிட்டுச் சேர்த்த சங்கம் இது. சைக்கிள் கடை மாடியில் ஒரு அறை, மாதம் ஒரு கூட்டம், வருஷத்துக்கு ஒரு பரீட்சைப் பரிசு, கிராமத்தில் பாஸ் புத்தகம் படிக்கச் சொல்லிக் கொடுக்கிற முகாம் ஒன்று. சின்னச் சங்கம்தான். அதை உடைக்க ஒரு கடிதம் போதும்.

மற்ற எட்டுப் பேரில் ஐந்து பேர் உன் அப்பா மாதிரியே செயலாளர்கள். இரண்டு பேர் பாங்கில் இருக்கிறார்கள். புதன்கிழமை என்று எழுதினால் ஏழு பேருக்கும் மெமோ வரும். ஏழு வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு வீட்டில் உன் வயதுப் பெண்ணே இருக்கிறாள்.

யோசித்துப் பார். நீ புத்திசாலி.

கஸ்பார்

———

இண்டூர்,
21.9.1986

பெரியப்பா,

ஏழு வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி எழுதினீர்கள். எட்டாவது வீட்டுப் பிள்ளைக்கே அதை எழுதினீர்கள். எழுதும்போது கை நிற்கவில்லையா?

'இதெல்லாம் பெரியவர்கள் பார்த்துக்கொள்வோம்' என்றால் மினிட் புத்தகத்தை மட்டும் ஏன் பிள்ளையிடம் கொடுத்தீர்கள்? எழுதுகிற கை மட்டும் வேண்டும், கேட்கிற வாய் வேண்டாமா?

முதல் நோக்கம்: உறுப்பினர்களின் தொழில் அறிவை வளர்த்தல். இரண்டாவது: தொழிலில் நேர்மையைக் காத்தல். மூன்றாவது: பணி தொடர்பான விசாரணைக்கு உள்ளாகும் உறுப்பினருக்குத் துணை நிற்றல். நான்காவது: கிராம மக்களுக்கு வங்கி நடைமுறைகளைக் கற்பித்தல். இந்த வரிசையில் சங்கத்தை உடைக்கக் கூடாது என்று ஒரு நோக்கம் இல்லை. வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் எழுதித் தரமாட்டேன்.

அப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி கேட்கவில்லை நீங்கள். நான் சொல்கிறேன். சஸ்பெண்டு ஆனதிலிருந்து காலையில் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். பஸ் வருகிற சத்தம் கேட்டால் எழுந்து நிற்கிறார். பிறகு உட்கார்ந்துவிடுகிறார். போன ஞாயிறு கோயிலில் உங்கள் சங்கத்துச் சவுரியப்பன் அப்பாவைப் பார்த்ததும் பூசை முடிவதற்குள் வெளியே போய்விட்டார். சாமியார் கடைசி ஆசீர் கொடுக்கும்போது அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

யாரும் வராவிட்டால் நான் வருவேன். விசாரணை நாள் காலாண்டு விடுமுறையில்தான் வருகிறது. தேதியை மாற்றி எழுதச் சொன்னது யார் என்று அதிகாரியிடம் சொல்வேன்.

ராஜமேரி

———

தருமபுரி,
25.9.1986

ராஜமேரி,

நீ எழுதியிருக்கிற மாதிரி என் சொந்த மகள் எழுதியிருந்தால் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். ஞானஸ்நானத் தொட்டியில் உன்னைக் கையில் ஏந்தியவன் நான். அதிகாரியிடம் என்னைக் காட்டிக் கொடுப்பேன் என்று எனக்கே எழுதுகிறாய்.

சரி. நீ பெரியவள் ஆகிவிட்டாய். பெரியவர்கள் சங்கதியையே சொல்கிறேன். கேட்டுக்கொள்.

தேதியை மாற்றச் சொன்னது நான் இல்லை. உன் அப்பா.

ஆகஸ்டு ஒன்பதாம் தேதி சாயங்காலம் சைக்கிள் கடை மாடியில் ஒன்பது பேரும் கூடினோம். கடன் மனு கொடுக்க வந்த மலைக்காரர்களின் புகார் வந்துவிட்டது என்று ஸ்தனிஸ்லாஸே வந்து சொன்னான். அவன்தான் எழுந்து நின்றான். "மாட்டினது நான் ஒருத்தன். என்னோட போகட்டும். ஞாயித்துக்கெழம கூடினோம்னு எழுதிருங்க. எனக்கு அன்னைக்கு வயித்துவலின்னு சொல்லிக்கறேன்" என்றான். சவுரியப்பன் கண்ணில் தண்ணீர் விட்டான். நான் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அதன் பிறகுதான் உன்னிடம் புத்தகம் வந்தது.

பத்து நாள் கழித்து உன் அப்பா விளக்கம் எழுதிக் கொடுத்தான். அதில் வயிற்றுவலி எங்கே? 'சங்கக் கூட்டத்துக்குச் சென்றேன்' என்று எழுதியிருக்கிறான். எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னானா? அவன் பேச்சை நம்பிப் புத்தகத்தை எழுதிவிட்டு நாங்கள் நிற்கிறோம், அவன் உண்மையைச் சொல்லிவிட்டு நிற்கிறான். அதிகாரி புத்தகம் கேட்கிறார். நான் வேறு என்ன அனுப்புவேன்?

வாக்கு மாறியது யார்? உன் வீட்டில் கேள். என்னைக் கேட்காதே.

கஸ்பார்

———

இண்டூர்,
28.9.1986

பெரியப்பாவுக்கு,

கேட்டேன்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "தேதியை மாத்தச் சொன்னது நீங்களாப்பா?" என்றேன். கையில் எடுத்த களி உருண்டையை மறுபடி தட்டில் வைத்துவிட்டார். அம்மா, "சோத்துல கைய வெச்சிருக்கற மனுசன்கிட்ட என்னாடி கேள்வி? பொஸ்தகம் படிச்சுப் படிச்சு உனக்கு ஈரமே இல்லாம போச்சு" என்று கரண்டியை ஓங்கினார். அப்பா, "உடு லூர்து. அவ கேக்கட்டும்" என்றார். பிறகு ஆமாம் என்றார். அவ்வளவுதான். எழுந்து கை கழுவிவிட்டார்.

நீங்கள் எழுதியது உண்மை. அதை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு இப்போது உங்கள்மீது கோபம் குறையவில்லை, அப்பாமீதும் சேர்ந்துகொண்டது.

ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அந்த விளக்கத்தையும் நகல் எடுத்தவள் நான்தான். அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். '30.7.86 அன்று கடுமையான வயிற்றுவலி காரணமாக' என்றார். மாடியில் நீங்கள் பேசி வைத்தது எதுவும் எனக்குத் தெரியாது. "அன்னைக்குத்தானேப்பா மீன் வறுவல் வாங்கியாந்தீங்க? வயித்துவலியோடவா வாங்கினீங்க?" என்றேன். அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வரியை அடிக்கச் சொல்லிவிட்டு, 'சங்கக் கூட்டத்துக்குச் சென்றேன்' என்று எழுதச் சொன்னார். மகளுக்கு எதிரில் அந்தப் பொய்யைச் சொல்ல அவரால் முடியவில்லை. அதை உங்களிடம் வந்து சொல்லவும் முடியவில்லை.

ஆக, பொய்யையும் நான்தான் எழுதினேன். உண்மையையும் நான்தான் எழுதினேன். இரண்டும் இப்போது அதிகாரியின் மேசையில் ஒன்றுக்கு எதிராக ஒன்று இருக்கின்றன. எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை பஸ் நிறுத்தத்தில் வத்தல்மலைக்காரர் ஒருவர் கூடையில் சீத்தாப்பழம் விற்றுக்கொண்டிருந்தார். பெயர் கேட்டேன். மாயவன் என்றார். புகாரில் முதல் பெயர் அது. நான் இன்னாருடைய மகள் என்று சொன்னேன். சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று தோன்றியது.

"அடடே, பூட்டுக்காரரு மவளா நீயி!" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "உங்கப்பன் நல்ல பூட்டாப் பாத்துத்தான் வாங்கியிருக்காரு பாப்பா. பதினோரு பேரு மாத்தி மாத்தி ஆட்டிப் பாத்தோம்."

அவர்கள் கோழி கூப்பிடும் முன் மலையிலிருந்து இறங்கியிருக்கிறார்கள். வங்கி வாசலில் நாலு மணி வரை உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு சீட்டுக்கூட ஒட்டியிருக்கவில்லை. சாப்பாட்டுக்குப் போயிருப்பார், வந்துவிடுவார் என்று நினைத்தார்களாம். கடன் கிடைக்காததால் அவருடைய நிலத்தில் பாதி விதைக்காமல் கிடக்கிறது.

பெரியப்பா, என்னுடைய இரண்டு கடிதத்திலும் உங்களுடைய இரண்டு கடிதத்திலும் மாயவன் பெயர் ஒரு தடவைகூட இல்லை. எண்ணிப் பார்த்தேன். எட்டுக் குடும்பம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது, அப்பா இருக்கிறார், நான் இருக்கிறேன். வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும் இல்லை. நீங்கள் மறந்ததற்கு நான் உங்களைத் திட்டலாம் என்றால், நானும் அல்லவா மறந்தேன்?

ஆறாம் தேதி கண்டிப்பாக வருவேன்.

ராஜமேரி

———

தருமபுரி,
2.10.1986

ராஜமேரி,

மீன் வறுவல் விஷயம் எனக்குத் தெரியாது. ஸ்தனிஸ்லாஸ் சொல்லியிருக்கலாம்.

ஆறாம் தேதி நான் வருகிறேன். சங்கத்தின் சார்பில் உன் அப்பா பக்கத்தில் உட்காருகிறேன். சவுரியப்பனும் மற்றவர்களும் வேண்டாம் என்கிறார்கள். நான் தனியார் மில்லில் இருப்பவன், எனக்கு மெமோ கொடுக்க ஆள் இல்லை. ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன். அதில் யாருக்கும் சேதம் இல்லை.

நீ வருவதானால் வா. வெளியே உட்கார்ந்திரு. வாயைத் திறக்காதே.

கஸ்பார்

———

இண்டூர்,
7.10.1986

பெரியப்பா,

நேற்று நடந்ததை நீங்களும் அங்கே இருந்து பார்த்தீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன். நாளைக்கு இதற்கும் ஒரு மினிட் எழுதப்படும், அதில் வேறு மாதிரி இருக்கும். இது என் மினிட். யாரும் சொல்லி எழுதவில்லை.

நீங்கள் படியேறி வந்தபோது அப்பா எழுந்து நின்றார். நீங்கள் அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். வராந்தாவிலிருந்து சன்னல் வழியாக அதைப் பார்த்தேன். உங்களைத் திட்டி எழுதியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டும் என்று நினைத்தேன். சரியாகக் கால் மணி நேரம் அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நீங்கள் பேசினீர்கள். "புதன்கிழமை கூட்டம் நடந்ததுங்க சார். நானும் ஸ்தனிஸ்லாசும் மட்டுந்தான் கலந்துக்கிட்டோம். மத்தவங்க அப்புறமாக் கையெழுத்துப் போட்டாங்க. நகல் எடுத்த பொண்ணு தேதியத் தப்பா எழுதிருச்சு. சின்னப் பொண்ணுங்க. பத்தாவது படிக்குது. விளையாட்டுப் புத்தி."

விளையாட்டுப் புத்தி!

இதுதான் யாருக்கும் சேதமில்லாத வழியா? ஏழு பேர் தப்பினார்கள், அப்பா தப்பினார், நீங்கள் தப்பினீர்கள். நான் யாரும் இல்லையா? மூன்று வருடத்தில் அந்தப் புத்தகத்தில் ஒரு அடித்தல் திருத்தல் உண்டா? 'இந்தப் பொண்ணு கையி அச்சு மாதிரி' என்று ஊரெல்லாம் சொன்னவர் நீங்கள்தானே?

அதிகாரி என்னை உள்ளே கூப்பிட்டார். "ஏம்மா, பயப்படாதே. தேதிய நீதான் தப்பா எழுதினியா?" என்று கேட்டார். நல்ல மனிதர். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போகட்டும் என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்களைப் பார்த்தேன். நீங்கள் லேசாகத் தலையை ஆட்டினீர்கள்.

நான் ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். இதை யாருக்கும் சொல்லவில்லை, உங்களுக்குத்தான் சொல்கிறேன். வாயைத் திறந்துவிட்டேன்.

அப்போதுதான் சாட்சி பெஞ்சிலிருந்து மாயவன் எழுந்தார். "சார், ஒண்ணு கேக்கட்டுங்களா? இவங்க புதன்கெழம கூடினாங்களோ ஞாயித்துக்கெழம கூடினாங்களோ, எனக்கு எதுக்குங்க? கதவு பூட்டியிருந்துச்சா இல்லியா? காலையிலருந்து அந்தக் கேள்விய ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறீங்களே!"

உங்களுக்கு அது இடக்காகப் பட்டது. முகத்தைச் சுளித்தீர்கள். எனக்கு முதுகில் அடித்த மாதிரி இருந்தது. அவர் புகாரில் எழுதியிருந்தது அத்தனையும் உண்மை. அந்த அறையில் அப்படிச் சொல்லிக்கொள்ள அவர் ஒருவர்தான் இருந்தார்.

"தப்பா எழுதலீங்க சார். பெரியப்பா சொன்ன தேதியத்தான் எழுதினேன். ஒம்பது பேருமே ஒகேனக்கல் போயிருந்தாங்க" என்றேன். பிறகு வெறும் பக்கத்தில் கையெழுத்துப் போடுகிற வழக்கத்தையும் சொன்னேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "வெறும் பக்கத்துலயா? நீங்கெல்லாம் நிதி மேலாளருங்க?" என்று கேட்டார்.

அப்பா அப்போதுதான் நிமிர்ந்தார். "பூட்டியிருந்துச்சுங்க சார். பூட்டினது நான்தான். சீட்டு ஒட்டணும்னுகூடத் தோணல" என்றார். மாயவனைப் பார்த்துச் சொன்னார், அதிகாரியைப் பார்த்து அல்ல.

இவ்வளவுதான் நடந்தது. இதற்குக் கீழே என் கையெழுத்தை இப்போது போடுகிறேன். முதலில் போடவில்லை.

ச. ராஜமேரி

———

தருமபுரி,
19.10.1986

ராஜமேரிக்கு,

ஏழு பேருக்கும் மெமோ வந்துவிட்டது. சந்தோஷமா?

சங்கம் கூடியது. என்னைச் செயலாளர் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். சவுரியப்பன் என் மூஞ்சிக்கு நேராக, "ஒரு பொட்டப்புள்ளய அடக்கத் தெரியாத ஆளு சங்கத்த என்னா அடக்கப்போறே?" என்றான். மாடி அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அறையைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளப் போவதில்லையாம்.

ஒரு வார்த்தை. 'ஆமாங்க சார்' என்று ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் எல்லோரும் அன்று சாயங்காலம் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்போம். உனக்கு என்ன ஆகியிருக்கும்? தேதி தப்பாக எழுதிய பிள்ளையை ஜெயிலிலா போடுவார்கள்? ஒரு வாரத்தில் எல்லோரும் மறந்திருப்பார்கள்.

உன் அப்பாவுக்காகத்தான் வந்தேன். அதை மட்டும் நீ மறந்துவிடாதே. எட்டுப் பேரில் வேறு எவன் வந்தான்?

இனிமேல் எனக்கு எழுதாதே.

கஸ்பார்

(உன்னை விளையாட்டுப் புத்தி என்று சொன்னது மட்டும் எனக்கே சரியில்லை. அங்கே வாயில் வந்துவிட்டது.)

———

இண்டூர்,
16.11.1986

பெரியப்பாவுக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன்.

அப்பாவுக்கு உத்தரவு வந்துவிட்டது. பொய் சொன்னார் என்ற இரண்டாவது குற்றச்சாட்டைத் தள்ளிவிட்டார்கள். வேலை போகவில்லை. வங்கியைப் பூட்டியதற்கு இரண்டு வருடம் சம்பள உயர்வு கிடையாது, அரூர்ப் பக்கம் மாற்றல். பதினொரு பேரின் மனுவையும் அடுத்த பருவத்துக்கு முதலில் எடுக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. போன பருவம் போனதுதான்.

ஒரு வார்த்தைதானே என்று கேட்டிருந்தீர்கள். ஒரு மாதமாக யோசித்தேன். நீங்கள் ஒன்பது பேரும் அப்படித்தான் ஆரம்பித்தீர்கள். ஒரு நாள்தானே, ஒரு தேதிதானே, ஒரு பிள்ளைதானே. நான் ஆமாம் என்று சொல்லியிருந்தால் அடுத்த மாதம் மறுபடியும் ஒரு வெறும் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும். நானும் வாங்கி எழுதியிருப்பேன்.

நீங்கள் வந்து உட்கார்ந்ததை மறக்கவில்லை. மறந்திருந்தால் இவ்வளவு கோபம் வராது. சவுரியப்பன்மீது எனக்குக் கோபமே இல்லை. அவரிடம் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை.

சங்கம் உடைந்ததற்கு நான் சந்தோஷப்படுகிறேன் என்று நினைத்துக் கேட்டிருந்தீர்கள். இல்லை. அந்த நான்கு நோக்கங்களை எழுதிய அன்று நான் உண்மையாகவே நம்பினேன். நீங்களும் அப்பாவும் சைக்கிளில் போனபோது நம்பித்தான் போயிருப்பீர்கள். அதனால்தான் ஆத்திரமாக இருக்கிறது. நம்பாதவர்கள் எழுதியிருந்தால் கிழித்துப் போட்டுவிட்டுப் போயிருப்பேன்.

அப்பா விசாரணை நாளிலிருந்து என்னோடு பேசவில்லை. தண்ணீர் கேட்டால்கூட அம்மாவிடம்தான் கேட்டார். "பேசித் தொலைங்களேன் ரெண்டு பேரும். வூடா இது, சத்திரமா?" என்று அம்மா கத்தினார். அப்போதும் பேசவில்லை. நானும் பேசவில்லை. நான் செய்தது தப்பில்லை என்று அவர் வாயால் வர வேண்டும் என்று காத்திருந்தேன்.

இன்று காலை அவர் பெட்டியோடு புறப்பட்டார். பஸ் நிறுத்தம் வரை நானும் போனேன். படுக்கையை நான் தூக்கிக்கொண்டேன். பஸ்ஸில் ஏறிச் சன்னலோரம் உட்கார்ந்தார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபோது தலையை வெளியே நீட்டினார்.

"கஸ்பாருக்குக் கடுதாசி போடறியாமே?"

ஜானகியம்மாள் டீச்சர் சொல்லியிருக்க வேண்டும். ஆமாம் என்றேன்.

"திட்டித்தான் எழுதறியா?"

அதற்கும் ஆமாம் என்றேன்.

"நிறுத்திராதே. எழுது. ஆனா அவனத் திட்டறப்ப என்னையும் சேத்துத் திட்டு. ரெண்டு பேருந்தான் செஞ்சோம். அவனுக்கு மட்டும் எழுதினா அது நாயமில்ல."

பஸ் போய்விட்டது.

அரூர் முகவரியைத் தனிச் சீட்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் அப்பாவுக்கு அனுப்பிவையுங்கள். இரண்டாவது நகல் எடுக்க எனக்கு இஷ்டமில்லை. உறையும் தபால் தலையும் உங்கள் செலவு.

ச. ராஜமேரி